செட்டும் கட்டுமாக: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இங்கிலாந்தில் குடும்பம் நடத்துகிற யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாடகை, கவுன்சில் டாக்ஸ், கேஸ், கரண்ட் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் சமையலறை ஓடுகிறது. அதோடு, ஒவ்வொரு செப்டம்பரிலும் நம் சபைப் பிள்ளைகள் சிலர் வீட்டை விட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள். அம்மா அரைத்த சாம்பார்ப் பொடியும் சின்ன ரைஸ் குக்கரும் பெட்டியில் ஏறிவிடும். கெட்டிலில் படிகிற வெள்ளைப் படிவத்தை எப்படி எடுப்பது, நேற்றைய சோற்றை இன்று சாப்பிடலாமா என்பதையெல்லாம் யாரும் பெட்டியில் வைத்து அனுப்புவதில்லை.

சபையில் நர்ஸ் வேலை பார்க்கிற நாங்கள் சிலர், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து வந்து வீட்டையும் பார்க்கிறவர்கள். செலவில்லாத வழி, சுலபமான வழி எது என்று எப்போதும் தேடுகிறவர்கள். வார்டில் எங்களுக்குப் பழக்கிய ஒரு காரியம் வீட்டிலும் உதவுகிறது: எதைச் செய்தாலும் அதை ஏன் செய்கிறோம் என்று தெரிந்து செய்வது. ஆளுக்கு ஆள் சொல்லும் வீட்டுக் குறிப்புகளில் பல உண்மையிலேயே பணத்தை மிச்சம் பிடிக்கும். சில வெறும் நுரை. ஒன்றிரண்டு, ஆளையே படுக்கையில் தள்ளிவிடும். மூன்றையும் பிரித்துப் பார்ப்போம்.

வினிகரும் ஆப்ப சோடாவும்

லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் தண்ணீர் சுண்ணாம்புப் பாறை வழியாக ஊறி வருகிறது. கெட்டிலின் அடியிலும், ஷவர் முனையிலும், குழாயைச் சுற்றியும் வெள்ளையாகப் படிவது அந்தச் சுண்ணாம்புதான். சுண்ணாம்பைப் புளிப்பு கரைக்கும். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டு விளக்கிய ஆச்சிமாருக்குப் புளிப்பின் வேலை நன்றாகவே தெரியும். இங்கே புளிக்குப் பதில் வெள்ளை வினிகர். கெட்டிலில் வினிகர் பாதி, தண்ணீர் பாதி ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால் போதும். பிறகு நன்றாகக் கழுவி, இரண்டு முறை வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொட்டிவிடுங்கள்; வாசனை போய்விடும். ஷவர் முனைக்கு, ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகரை ஊற்றி, முனை அதில் மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டித் தொங்க விடலாம். இதற்கென்று விலை கூடிய தனி பாட்டில் எதுவும் வாங்க வேண்டாம்.

ஆப்ப சோடாவின் குணம் இதற்கு நேர் எதிர். அது எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும், புளித்த வாடையை எடுக்கும். அடிப்பிடித்த ஸ்டீல் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடா போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். கருகல் தானாக இளகி வரும். அலுமினியப் பாத்திரத்துக்கு மட்டும் இது வேண்டாம், கறுத்துப்போகும். அதேபோல மார்பிள், கிரானைட் மேடையில் வினிகர் படக் கூடாது, பளபளப்பைத் தின்றுவிடும்.

இனி அந்த வெறும் நுரைக் குறிப்பு. வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் பொங்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒன்றின் சக்தியை மற்றது அழித்துவிடுவதால், பொங்கி அடங்கிய பிறகு மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். முடி அடைத்த சிங்க் குழாய் அதற்கு அசையாது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் கொக்கியும் பழைய ரப்பர் பம்ப்பும்தான் சரி. இரண்டையும் பயன்படுத்த வேண்டுமானால் ஒன்றைப் போட்டுத் துடைத்து முடித்த பிறகு மற்றதைப் போடுங்கள்.

ப்ளீச் தனியே இருக்கட்டும்

ஆளைப் படுக்கையில் தள்ளும் குறிப்பு இதுதான்: இரண்டு மருந்தைக் கலந்தால் இரண்டு மடங்கு சுத்தம் என்ற எண்ணம். ப்ளீச்சோடு வினிகரோ, எலுமிச்சையோ, டாய்லெட்டில் சுண்ணாம்பை எடுக்கும் திரவமோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த கிளீனரோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். நம் வீடுகளின் குளியலறை சின்னது, பல வீடுகளில் ஜன்னல்கூட இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு தேய்க்கிறவருக்கு முதலில் கண் எரியும், பிறகு இருமல் பிடிக்கும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சே முட்டிவிடும். அப்படி ஆனால், சுத்தம் செய்ததைப் போட்டது போட்டபடி விட்டு உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். மூச்சுத் திணறினால் 999 அழையுங்கள்.

இதில் பணமும் மிச்சம். வீட்டில் பெரும்பாலான இடத்துக்குப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீருமே போதும். அழுக்கு இருக்கும்போது ப்ளீச் ஊற்றினால் அதன் வேகம் அழுக்கிலேயே செலவாகிவிடும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் முதலில் கழுவுவது, பிறகே கிருமிநாசினி. வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் டாய்லெட்டைச் சோப்பால் கழுவிவிட்டு, பாட்டிலில் எழுதியிருக்கும் அளவில் ப்ளீச்சைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து துடையுங்கள். எழுதியிருக்கும் நேரம் வரை ஈரமாக விடுங்கள். மற்ற நாளில் ப்ளீச் அலமாரியிலேயே இருக்கலாம்.

மொத்தமாக வாங்கி ஊற்றி வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பெரிய கேனில் வாங்கினால் மலிவுதான். ஆனால் அதைக் கோலா பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைக்கு எழுத்து தெரியாது, பாட்டில் தெரியும். ராத்திரியில் கண்ணாடி போடாத தாத்தாவுக்கும் அப்படியே. தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது சுட்டது வெளியே வரும்போதும் சுடும். உடனே உதவிக்கு அழைத்து, அந்தப் பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். என்ன குடித்தது என்று தெரிந்தால் மருத்துவர்களுக்கு நேரம் மிச்சமாகும்.

பழைய டிஷர்ட், மூன்று நிறம்

என்.ஹெச்.எஸ். ஆஸ்பத்திரிகளில் துடைக்கும் துணிக்கும் மாப்புக்கும் வாளிக்கும் நிறம் உண்டு. கழிப்பறை, குளியலறைக்குச் சிவப்பு. வார்டு போன்ற பொது இடத்துக்கு நீலம். உணவு கையாளும் இடத்துக்குப் பச்சை. தொற்று நோயாளிகளைத் தனியே வைத்திருக்கும் அறைக்கு மஞ்சள். ஒரு இடத்துக் கிருமி இன்னொரு இடத்துக்குத் துணியேறிப் போகக் கூடாது என்பதுதான் காரணம். மொழி தெரியாதவருக்கும் நிறம் புரியும்.

இதை வீட்டில் செய்யக் காசு வேண்டாம். பழைய டிஷர்ட், கிழிந்த துண்டு, மங்கிய தலையணை உறை எல்லாவற்றையும் நிறம் பார்த்து வெட்டிக்கொள்ளுங்கள். மூன்று நிறம் போதும்: டாய்லெட்டுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, மற்ற அறைகளுக்கு ஒன்று. நான்கைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் மாணவர் வீட்டில் இது சண்டையையும் குறைக்கும். வாரந்தோறும் கிச்சன் ரோலுக்குப் போகும் பணம் நிற்கும். சமையலறைத் துணிகளை 60 டிகிரியில் துவையுங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிழிந்து காய விடுங்கள். ஈரத்தோடு சிங்கில் கிடக்கிற ஸ்பாஞ்சு டாய்லெட் சீட்டைவிட அழுக்காக இருக்கலாம். வாடை வந்தால் அதற்கு மேல் அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இரண்டு தேதியும் ஒரு சட்டி சோறும்

பாக்கெட்டில் இருக்கும் இரண்டு தேதியைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தாலே குப்பைக்குப் போவது குறையும். ‘யூஸ் பை’ என்பது பாதுகாப்புத் தேதி. இறைச்சி, மீன் போன்றவற்றில் இருக்கும். அந்த நாள் தாண்டினால் மணம் நன்றாக இருந்தாலும் சாப்பிடக் கூடாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது ருசித் தேதி. அரிசி, பருப்பு, பிஸ்கட், டின் உணவு ஆகியவற்றில் இருக்கும். அது தாண்டினால் மொறுமொறுப்பு குறையலாம். தூக்கிப் போட வேண்டியதில்லை. சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைக்கிற கோழியும் மீனும் பெரும்பாலும் ‘யூஸ் பை’ முடியும் நாளில் இருப்பவை. தைரியமாக வாங்கலாம். அன்று ராத்திரிக்குள் சமைத்துவிட வேண்டும் அல்லது ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். உறைய வைத்ததை ஃப்ரிட்ஜில் வைத்து இளக்கி, ஒரு நாளுக்குள் சமைத்துவிடுங்கள்.

ஃப்ரிட்ஜ் 5 டிகிரியிலோ அதற்குக் கீழோ, ஃப்ரீசர் மைனஸ் 18-லும் இருக்கட்டும். பச்சை இறைச்சி எப்போதும் மூடிய டப்பாவில், கடைசித் தட்டில். மேல் தட்டில் வைத்தால் ஒரு சொட்டு ஒழுகினாலும் கீழே இருக்கும் தயிரும் கொத்தமல்லியும் போச்சு.

கோழியைக் கழுவாமல் சமைக்கச் சொன்னால் நம் அம்மாமாருக்கு மனம் ஒப்பாது. ஆனால் குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் துளிகளில் கேம்பைலோபேக்டர் என்ற கிருமி சிங்க், மேடை, பக்கத்தில் வைத்த தட்டு எல்லாவற்றிலும் போய் உட்காரும். கழுவினாலும் அது கோழியை விட்டுப் போகாது. நன்றாக வேக வைத்தால்தான் சாகும். மனம் கேட்காவிட்டால் கிச்சன் பேப்பரால் ஒற்றி எடுத்து, நேரே மஞ்சளும் உப்பும் தடவுங்கள். பேப்பரைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இப்போது சோறு. ராத்திரி குக்கரில் மிஞ்சிய சோற்றை அப்படியே மூடி வைத்து, மறுநாள் முட்டை உடைத்து ஊற்றி ஃப்ரைட் ரைஸ் செய்வது மாணவர் சமையலின் முதல் பாடம். அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதை கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அது முளைத்துப் பெருகி நச்சைக் கக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சோறு மிஞ்சும் என்று தெரிந்தால் அகலமான தட்டில் பரப்பி ஆற வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாளுக்குள், ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரே ஒரு முறை சாப்பிடுங்கள். குழம்பு, கூட்டு, பொரியல் என்றால் இரண்டு நாள். சோற்றைச் சரியாக வைத்தால் மறுநாள் மதியச் செலவு மிச்சம். தவறாக வைத்தால் இரண்டு நாள் படிப்பும் வேலையும் நஷ்டம்.

ஃப்ரீசரே சேமிப்பு வங்கி

இங்கே ஒரு பிடி கறிவேப்பிலை விற்கிற விலையில் ஊரில் ஒரு செடி வாங்கலாம். கழுவித் துடைத்து, டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் வைத்தால் நிறம் சற்று மங்கினாலும் மணம் நிற்கும். துருவிய தேங்காய், அரைத்த தக்காளி, புளிக்கரைசல் எல்லாவற்றையும் ஐஸ் தட்டில் ஊற்றி, உறைந்ததும் கட்டிகளைப் பையில் போட்டு வைக்கலாம். ஐஸ்கிரீம் டப்பாக்களும் இதற்கு நல்லவை. குளிர்ந்ததற்காகச் செய்த டப்பா அது. கொதிக்கும் குழம்பை அதில் ஊற்றவோ, மைக்ரோவேவில் வைக்கவோ வேண்டாம்.

இஞ்சி பூண்டு விழுதையும் இப்படியே கட்டியாக்கி வையுங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்க வைத்து மேடைமேல் நாள்கணக்கில் விடுவது ஆபத்து. எண்ணெய்க்குள் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வளரும் பாட்டுலிசம் கிருமிக்கு அது வசதி. அதன் நச்சு நரம்பைத் தாக்கும். உப்பும் வினிகரும் எலுமிச்சையும் தாராளமாகப் போட்ட ஊறுகாயின் கதை வேறு. புளிப்பில் அந்தக் கிருமி வளராது.

டின்னில் வாங்குவதைவிட உலர்ந்த பயறு மலிவு. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு எல்லாம் ஊற வைத்துக் குக்கரில் வேக வைத்துப் பங்கு பங்காக ஃப்ரீசரில் வைக்கலாம். சிவப்பு ராஜ்மாவில் மட்டும் ஒரு கவனம். அதில் இயற்கையாகவே ஒரு நச்சு உண்டு. இரவு முழுக்க ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்த பிறகே மெதுவாக வேகவிட வேண்டும். கரண்ட் மிச்சம் என்று நேரே ஸ்லோ குக்கரில் போட்டால் அந்தச் சூடு நச்சை முறிக்காது. பிரஷர் குக்கர் என்றால் கவலையில்லை.

மஞ்சள் கறைக்கு வெயில்

ஞாயிறு ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தாத வீடு உண்டா? சோப்புப் போட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறும்; பயப்பட வேண்டாம். சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் நிறம் மாறும், அலசினால் பழையபடி வரும். குளிர்ந்த தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டுத் துவைத்து, ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சிதையக்கூடியது. இங்கிலாந்து வெயிலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம், அவ்வளவுதான். மஞ்சள் ஏறிய பிளாஸ்டிக் டப்பாவையும் கழுவி ஜன்னலோரம் திறந்து வையுங்கள். புது டப்பா வாங்க வேண்டாம்.

அலமாரியும் மருந்துப் பெட்டியும்

வார்டு ஸ்டோரில் புதிதாக வந்த பெட்டியைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் நகர்த்துவோம். முதலில் காலாவதியாகிறது முதலில் கைக்கு வர வேண்டும். மளிகை அலமாரியிலும் இதையே செய்யுங்கள். டப்பா மேல் ஒரு டேப் ஒட்டித் திறந்த தேதியை எழுதுங்கள். கடைக்குப் போகும் முன் அலமாரியை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டால் மூன்றாவது சீரகப் பாக்கெட் வீட்டுக்கு வராது.

மருந்துப் பெட்டியிலும் மிச்சம் பிடிக்கலாம். பெயர் பெற்ற கம்பெனியின் பாராசிட்டமாலும், கடை தன் பெயரில் விற்கும் மலிவான பாராசிட்டமாலும் ஒரே மருந்துதான். 500 மில்லிகிராம் என்றால் இரண்டும் 500 மில்லிகிராம். ஆனால் சளி, ஃப்ளூவுக்கு என்று விற்கும் பொடியிலும் மாத்திரையிலும் பெரும்பாலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். மாத்திரையையும் விழுங்கி அந்தப் பொடியையும் கரைத்துக் குடித்தால் கணக்கு தப்பிவிடும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் கூடாது; எடை குறைந்தவர்களுக்கு இன்னும் குறைவு. கூடினால் ஈரல் கெடும். முதல் நாளில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். அதிகமாகிவிட்டது என்று தோன்றினால் வலிக்காகக் காத்திராமல் உடனே உதவி கேளுங்கள்.

போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாடிக்கை அடுத்த காய்ச்சலுக்கு என்று வைப்பதும், பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும் சிக்கனத்தில் சேராது. மிஞ்சியதையும் காலாவதியானதையும் மருந்துக் கடையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். குப்பையிலும் சிங்கிலும் போட வேண்டாம்.

சூட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாத்தா பாட்டி, பிள்ளைகளுக்குச் செலவாகும் என்று பகலில் ஹீட்டரை அணைத்துவிட்டு, சால்வைக்குள் உட்கார்ந்திருப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். அவர்கள் அதைச் சொல்லவும் மாட்டார்கள். குளிரில் இரத்தம் தடித்து, இரத்த அழுத்தம் ஏறி, மாரடைப்பும் பக்கவாதமும் நெஞ்சுச் சளியும் வர வாய்ப்பு கூடும். 65 வயது தாண்டியவர்கள், நெடுநாள் நோயுள்ளவர்கள் புழங்கும் அறை குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்பது இங்கே சுகாதாரத் துறை சொல்வது. ஆள் இல்லாத அறையில் சூட்டைக் குறையுங்கள். பாட்டி இருக்கும் அறையில் வேண்டாம். கதவடியில் பழைய சேலையைச் சுருட்டி வைத்தால் குளிர்காற்று நிற்கும்.

சுவரில் கறுப்பாகப் பூஞ்சை பிடிப்பதும் இதோடு சேர்ந்ததே. மூடாமல் கொதிக்கும் குழம்பின் ஆவியும், அறைக்குள் காயும் துணியின் ஈரமும் குளிர்ந்த சுவரில் போய்த் தண்ணீராக நிற்கிறது. சட்டியை மூடிச் சமையுங்கள், கேஸும் மிச்சம். சமைக்கும்போதும் குளித்த பிறகும் ஃபேனைப் போடுங்கள். துணியை ஒரே அறையில் காயப்போட்டு, கதவைச் சாத்தி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். இத்தனையும் செய்தும் பூஞ்சை திரும்பத் திரும்ப வந்தால், ஃபோட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் அதையும் எழுதுங்கள்.

பெட்டியில் வைத்து அனுப்ப

ஐயாயிரம் பேர் சாப்பிட்டு முடித்த பிறகும் மீதியைச் சேர்க்கச் சொன்னார் ஆண்டவர். பன்னிரண்டு கூடை நிறைந்தது. அப்பத்தைப் பெருகச் செய்தவரே மீதியை வீணாக்கவில்லை என்றால், மாதச் சம்பளத்தில் வாழும் நமக்குச் சொல்ல வேண்டுமா? அதே ஆண்டவர் அன்று யாரையும் பசியோடு அனுப்பவும் இல்லை. வீட்டிலிருப்பவர்கள் நலமாயிருப்பதற்காகத்தான் மிச்சம் பிடிக்கிறோம். அவர்கள் உடம்பைச் செலவழித்து மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

இதை வெட்டி எடுத்துப் பிள்ளைகளின் பெட்டியில் வையுங்கள்:

1. ப்ளீச்சோடு எதையும் கலக்காதே. எதையும் குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைக்காதே.
2. சோறு ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்கு, மறுநாளுக்குள் வயிற்றுக்கு.
3. ‘யூஸ் பை’ தாண்டினால் குப்பை. ‘பெஸ்ட் பிஃபோர்’ தாண்டினால் பரவாயில்லை.
4. டாய்லெட் துணி வேறு, சமையலறைத் துணி வேறு.
5. சளி மருந்து குடிக்கும் முன் பாராசிட்டமால் இருக்கிறதா என்று பெட்டியைப் படி.
6. சந்தேகம் வந்தால் 111. ஆபத்து என்றால் 999. இரண்டுக்கும் காசு கிடையாது.